பனங்காய்க்கு வாக்களித்த பெருமக்களுக்கு

சதுர்த்திக்கு என்ன பலகாரம் என்ற குடும்ப வாக்கெடுப்பில் பனங்காய்ப் பணியாரம் வென்றுவிட்டது. மோதகம் இரண்டாமிடம். பூசணிப் பை என்கிற வெளிநாட்டுப் பலகாரம் ஒன்று புது வேட்பாளராகச் சுயேச்சையாக நின்று, கட்டுப்பணத்தைக் காப்பாற்றிக்கொண்டு மூன்றாமிடம். அரியதரத்துக்கு ஒரேயொரு வாக்கு. அதைப் போட்டது பாரிசில் இருக்கிற தம்பி. அவன் சின்ன வயசிலிருந்தே தோற்கிற பக்கமாகப் பார்த்து நிற்கிறவன். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், ஒஸ்லோ என்று எல்லாத் தொகுதிகளிலும் வாக்களிப்பு அமைதியாகவும் விறுவிறுப்பாகவும் நடந்திருக்கிறது. நெடுந்தீவிலிருந்து, அதாவது பணியாரம் சுட வேண்டிய குசினியிலிருந்து, ஒரு வாக்கும் பதிவாகவில்லை. நாங்கள் நித்திரையாக இருந்தபோது வட்ஸ்அப் குறூப்பில் எல்லாம் முடிந்துவிட்டது. விடிய எனக்கும் மனுசிக்கும் முடிவு மட்டும் வந்தது, கைகூப்புகிற பொம்மை ஒன்றோடு.

இதெல்லாம் அண்மையில்தான் நடந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆகவே இந்தக் கட்டுரையில் ஒழுங்கை எதிர்பார்க்காதீர்கள்.

ஆவணிச் சதுர்த்தி நல்லூர்த் தீர்த்தத்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். வெளிநாட்டுக்காரர் நல்லூருக்கென்று வருவார்கள். தேர் பார்த்து, தீர்த்தம் பார்த்து, ஐஸ்கிறீம் குடித்து, நகைக்கடை ஏறி இறங்கி, கையில் மிஞ்சிக் கிடக்கிற நாட்களில் "ஊருக்கும் ஒருக்காப் போட்டு வருவம்" என்று குறிகாட்டுவானில் வந்து படகுக்கு நிற்பார்கள். ரொறன்ரோப் பள்ளிக்கூடங்கள் செப்டெம்பர் முதல் திங்கள் கழியும்வரை திறக்காது. பனம்பழமும் அந்த நேரம் பார்த்துத்தான் விழத் தொடங்கும். நல்லூரானும் கனடாப் பள்ளிக்கூடமும் பனையும் கூடி நாள் குறித்த பிறகு அதை மாற்ற நான் யார்?

பூசணிப் பையை நிறுத்தியது என் மருமகள், சின்னக்காவின் மகள். ஸ்கார்பறோவில் பிறந்தவள். நல்ல பிள்ளை, கெட்டிக்காரி, அதுதான் கஷ்டம். அங்கே ஒக்டோபர் இரண்டாம் திங்களில் நன்றி சொல்லும் பெருநாள் என்று ஒன்று வரும். அன்றைக்குக் குடும்பத்துக்குப் பை சுடுகிற பொறுப்பு அவளுடையது. அந்த நாளை 1957இல் கனடா நாடாளுமன்றம் கூடி நிரந்தரமாக்கியது என்று எனக்கு விளங்கப்படுத்தினாள். நாங்கள் தைப்பொங்கலை ஒரு நாடாளுமன்றத்தையும் கேட்காமல் பொங்கி வருகிறோம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

"மாமா, பூசணிக் களியும் பனங்களியும் ஒரே நிறம். பூசணிக்குப் பதிலாப் பனங்களியை விட்டுச் சுட்டா என்ன?"

என்ன என்று கேட்டால் என்ன சொல்வது? ஓவன் இல்லை என்று சொல்லலாம். ஆனால் ஓவன் இருக்கிறது. சின்னக்காதான் ஒரு முறை கொண்டுவந்து தந்தாள். பூப்போட்ட துணி ஒன்றால் மூடி, மேலே பிளாஸ்டிக் பூச்சாடி வைத்து, மனுசி அதைத் தளபாடமாகப் பராமரித்து வருகிறாள். பிளக்கைச் செருகினால் ட்ரிப் சுவிச் விழும். எங்கள் தீவு தேசிய மின்வலையில் இல்லை. மின்சார சபையின் டீசல் மெசினை நம்பித்தான் இவ்வளவு காலம் விளக்கு எரிந்தது. ஆனால் இந்த விளக்கைப் பற்றி லேசாக நினைத்துவிட வேண்டாம். 2021 ஜனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றாலையும் சூரியத் தகடும் போடுகிற வேலையை அமைச்சரவை ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தது. தமிழ்நாட்டுக்கு இவ்வளவு கிட்டச் சீனாவா என்று இந்தியா முகம் சுளித்தது. அந்த வருசம் முடிவதற்குள் சீனத் தூதரகம் வேலையை நிறுத்துவதாக அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியா உடன்படிக்கை எழுதியது. 2024 மார்ச்சில் 1.1 கோடி டொலர் நன்கொடையில் ஒப்பந்தமும் கைச்சாத்தானது. இரண்டு வல்லரசுகள் இழுபறிப்பட்ட மின்சாரத்தில் ஒரு பை சுட வழியில்லை என்று சொன்னால் பிள்ளை நம்புவாளா? நம்பவில்லை. யூடியூப்பைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

பைக்குப் பிறகு வருகிறேன். முதலில் வென்ற வேட்பாளரைக் கவனிக்க வேண்டும். பனங்காய்ப் பணியாரம் கைக்காமல் வருவதற்கு எங்கள் அம்மா ஒரு உபாயம் வைத்திருந்தா. உண்மையில் அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். சொல்லிவிடுகிறேன், ஆனால் அதற்கு முன்பு கைப்பைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டும்.

பனம்பழத்தில் கைப்பு இருக்கும். எல்லாப் பழத்திலும் இருக்காது, எல்லாப் பனையிலும் இருக்காது. வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒரு தாய் பிள்ளைகள்: கறுத்து, காம்படியில் சிவப்புக் காட்டி, மணத்தால் வளவை நிறைக்கும். தோலுரித்து, பினைந்து, வடித்து, சீனி போட்டுக் காய்ச்சி, மா சேர்த்து, கிள்ளிப் பொரித்து, ஆறவிட்டு, வாயில் வைத்து, "ஆஹா" என்று சொல்லி முடித்த பிறகுதான் அடித்தொண்டையில் அது எழும்பும். விஞ்ஞானிகள் அதற்குப் பிளபெலிபெரின் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சப்போனின் இனம், தண்ணீரில் அடித்தால் நுரைக்கும். ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தில் இதை மினக்கெட்டு ஆராய்ந்து, நொதியம் விட்டுக் கைப்பை எடுக்கவும் பார்த்திருக்கிறார்கள். அவர்களிடம் ஆய்வுகூடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது சொந்தக்காரர்.

சின்னக்கா சொல்கிறாள்: கிழக்கு மதிலடிப் பனைதான் தித்திக்கும், வேறு எதிலும் கை வைக்காதே. லண்டனிலிருந்து பெரியக்கா குரல்பதிவு அனுப்புகிறா: கிழக்கு மதிலடி கைக்கும், கிணற்றடிப் பனையில்தான் அம்மா எடுக்கிறவ, சின்னவளுக்கு அப்போது ஐந்து வயசு, அவளுக்கு என்ன தெரியும். சின்னக்கா பதில் குரல்பதிவு: எனக்கு அப்போது ஐந்து வயசு என்றால் உனக்கு ஏழு. தம்பி பாரிசிலிருந்து: எங்கள் வளவில் தித்திக்கிற பனையே இருந்ததில்லை, நாங்கள் தின்றதெல்லாம் பக்கத்து வளவில் பொறுக்கினது. பக்கத்து வளவுப் பெரியம்மாவின் பேரனும் அந்தக் குறூப்பில் இருக்கிறான். அதை அவன் வாசித்ததற்கு நீல அடையாளம் விழுந்தது. பதில் இல்லை.

ஒஸ்லோவில் இருக்கிற மச்சான், மனுசியின் தமையன், கரம்பனில் பிறந்தவர். பனை எங்கு நின்றது என்பது முக்கியமல்ல, தோலைப் பார் என்பது அவர் கட்சி. நிறம் சிவந்தால் இனிப்பு, நிறம் கறுத்தால் கைப்பு. அவர் சொன்னதை அவருடைய மனைவியே மறுத்து எழுதினா: கறுத்ததுதான் இனிக்கும், இந்த மனிசன் எதையும் மாறித்தான் சொல்லும். அதற்குமேல் கொட்டைக் கட்சி ஒன்று உண்டு. பனம்பழத்தில் வழக்கமாக மூன்று கொட்டை. சிலதில் இரண்டு, சிலதில் ஒன்று. ஒற்றைக் கொட்டைப் பழம் தேன் மாதிரி இருக்கும் என்று ஒருவர் எழுதினார். ஒற்றைக் கொட்டையா இல்லையா என்று பழத்தைப் பிளக்காமல் எப்படி அறிவது என்று நான் கேட்டேன். கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும் என்றார். அவர் கையில் கடைசியாகப் பனம்பழம் எடுத்தது எந்தக் காலம் என்று கேட்க மனுசி என்னை விடவில்லை. தானாக விழுந்த பழமா, காற்றுக்கு விழுந்த பழமா என்று ஒரு கிளைக்கட்சி. இரவில் விழுந்தது இனிக்கும், பகலில் விழுந்தது கைக்கும் என்று இன்னொரு கிளை. சோளகக் காற்று அடிக்கிற நாளில் பழம் எப்போது விழுந்தது, ஏன் விழுந்தது என்று பார்த்துக்கொண்டு நிற்க ஆளை வைக்க வேண்டும்.

இதற்குள் பெரியக்காவின் மகன், லண்டனில் கணினி வேலை செய்கிறவன், செயற்கைக்கோள் படம் ஒன்றைப் போட்டான். எங்கள் வளவு. மேலேயிருந்து. ஓட்டுக் கூரை, கிணறு, பவளக்கல் மதில், வரிசையாகப் பனை வட்டுகள். அதில் ஒரு வட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம். "மாமா, அம்மா சொன்ன கிணத்தடிப் பனை இதுதான்." பத்துப் பேர் கை தட்டினார்கள். நெடுந்தீவின் சரித்திரத்தில் விண்வெளியிலிருந்து அடையாளம் காணப்பட்ட முதலாவது பணியாரப் பனை அதுவாகத்தான் இருக்க வேண்டும். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனையும் கொண்டு கிணற்றடிக்குப் போய், படத்தைத் திருப்பித் திருப்பிப் பிடித்து, அந்தப் பனையைக் கண்டுபிடித்து, அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன்.

ஆண் பனை. அது பிறந்த நாளிலிருந்து ஒரு காய் காய்த்ததில்லை.

அதைக் குறூப்பில் எழுதினேன். "அப்ப பக்கத்தில நிக்கிறதா இருக்கும்" என்று பெரியக்கா. பக்கத்தில் நின்றது இரண்டு. ஒன்றில் வட்டே இல்லை; இடி விழுந்தது. மற்றதில் பழம் இருந்தது. எடுத்துச் சுட்டு நக்கிப் பார்த்தேன். நாக்கு அன்றைக்கு முழுக்கச் சோற்றை மறந்தது. "கைக்குது" என்று எழுதினேன். "உங்களுக்கு இப்ப நாக்கு மாறிப்போச்சு, வயசு" என்று பதில் வந்தது.

சின்னக்காவின் கிழக்கு மதிலடிக்கு வருவோம். அது உண்மையிலேயே தித்தித்த பனை. அது எனக்கும் ஞாபகம். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், அது இப்போது இல்லை என்று. பெண் பனைக்குத்தான் வைரம் கூட. பெரியக்காவின் சீதன வீட்டுக்குக் கூரை போடும்போது மரம் காணாமல், ஐயா அதைத் தறித்துத் தீராந்தியாக்கினார். அந்தப் பனை இப்போதும் பெரியக்காவின் வீட்டுக் கூரையைத் தாங்கிக்கொண்டு கிடக்கிறது. வீடு பூட்டிக் கிடக்கிறது. மாரிக்கு முன்னால் ஓடு மாற்றுகிறவன் நான், வௌவாலை விரட்டுகிறவனும் நான். இதை விபரமாக எழுதிப் போட்டேன். குறூப்பில் கொஞ்ச நேரம் ஒரு அசைவும் இல்லை. பிறகு யாரோ அழுகிற முகம் ஒன்று போட்டார்கள். அதற்குக் கீழே உடனே, "அப்ப எந்தப் பனையில எடுக்கிறதெண்டு இன்னொரு வாக்கெடுப்பு வைப்பமோ?"

பனைக்கு 801 பயன் என்று தாலவிலாசம் கணக்குச் சொல்லும். குடும்பத்தைக் குழப்புவது அதில் சேர்ந்ததோ தெரியாது. சேராவிட்டால் 802.

எனக்கு வருகிற எரிச்சல் கைப்பால் அல்ல. கைத்தால் கைத்துவிட்டுப் போகட்டும். எந்தப் பனை என்று இவ்வளவு பேர் இவ்வளவு தூரத்திலிருந்து இவ்வளவு விபரமாகச் சண்டை பிடிக்கிறார்களே, அதில் ஒருவராவது "பழம் பொறுக்குவது யார்" என்று கேட்டார்களா? பழம் பொறுக்குவது லேசான வேலை என்று நினைப்பவர்கள் நெடுந்தீவு மாட்டை அறியாதவர்கள். இங்கே மாடு கட்டையில் நிற்காது, கட்டாக்காலியாகத் திரியும். பனம்பழம் விழுந்த சத்தம் எனக்குக் கேட்பதற்கு முன் அதற்குக் கேட்கும். விடியப்புறம் கடகத்தோடு போனால் நாரும் கொட்டையும்தான் கிடக்கும். பக்கத்தில் மாடு நின்று வாயைத் துடைக்கும். மாட்டைக் கலைத்துவிட்டால், அந்தப் பக்கம் மட்டக்குதிரை பார்க்க வந்த உல்லாசப் பயணி ஒருவர் என்னைப் படம் எடுக்கிறார், மாட்டோடு ஓடுகிற ஊர்க்கிழவன் என்று.

பிறகு தண்ணீர். எங்கள் கிணறு உவர். பனங்களியில் உவர்த்தண்ணீர் பட்டால் அது வேறு பலகாரம். சாராப்பிட்டிப் பக்கமிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவர வேண்டும். பிறகு பினைதல். தோலை உரித்து, பழத்தைப் பிளந்து, தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கையால் பினைய வேண்டும். மெசின் எதுவும் இதுவரை அந்த நாருக்கு ஈடுகொடுத்ததாக நான் காணவில்லை. மஞ்சள் களி கொஞ்சம் கொஞ்சமாக வரும், முழங்கைவரை ஏறும், நகக்கண்ணில் இருந்து போக நாளெடுக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் வீடியோ அழைப்பு வரும். கையில் களி என்றால் மூக்கால் போனைத் தட்ட வேண்டும். "ஆ, பினையிறியளோ? கமராவைக் கொஞ்சம் கிட்டப் பிடியுங்கோ, பிள்ளையளுக்குக் காட்ட வேணும்." பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டு, "ஈ" என்று சொல்லிவிட்டுப் போகும்.

வடித்த களியைச் சீனி போட்டு அடுப்பில் காய்ச்ச வேண்டும். கொதிக்கிற பனங்களி சும்மா கிடக்காது. தெறிக்கும், தெறித்த இடத்தில் ஒட்டிக்கொண்டு சுடும். ஆறின பிறகு வறுத்த மா. கோதுமை மாவா அரிசி மாவா என்று ஒரு சண்டை இருக்கிறது. அதற்குள் நான் இறங்கவில்லை. பிறகு தாச்சியில் தேங்காயெண்ணெய். தேங்காய் ஒன்று இருநூறு ரூபாய் தாண்டி விற்றதைக் கண்ட நாட்டில் தாச்சி நிறையத் தேங்காயெண்ணெய் விட்டு நிற்பவன் குடும்பத்தை எவ்வளவு நேசிக்கிறான் என்று யாராவது யோசித்தார்களா? மூன்று விரலால் கிள்ளிப் போட வேண்டும். உருட்டிப் போடக்கூடாது. இதில் மட்டும் எல்லாத் தொகுதியும் ஒத்துப்போகிறது.

மோதகம் சுருக்கமான கதை. அது இரண்டாமிடம் வந்தது, ஆகவே சட்டப்படி இல்லை. ஆனால் அன்றைக்குச் சதுர்த்தி. பிள்ளையாருக்கு வட்ஸ்அப்பில் வாக்கு இல்லாவிட்டாலும் மோதகத்தில் உரிமை உண்டு. மனுசி ஒரு வார்த்தை கதைக்காமல் பயறு அவித்து, சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் சேர்த்து, சுடுதண்ணீரில் மா குழைத்து, அவிக்கத் தொடங்கிவிட்டாள். கூடவே கொழுக்கட்டையும். கொழுக்கட்டையின் விளிம்பை அவள் விரலால் மடித்து மடித்துப் போகிற அழகைப் பார்த்து மருமகள், "மாமி, பைக்கும் நாங்கள் இப்படித்தான் செய்வம்" என்று கூவினாள். "அப்ப இதையே தின்னன் பிள்ளை" என்றாள் மனுசி. பை பற்றி எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில் இதுதான் அறிவான பேச்சு. பிள்ளை கேட்கவில்லை.

அரியதரத்துக்கு ஒரேயொரு வாக்கு என்று சொன்னேன். தம்பி குடும்பத்தோடு படகால் இறங்கி, படலைக்குள் கால் வைத்து, "அரியதரம் சுடேல்லையோ?" என்று முகத்தைத் தொங்கப் போட்டான். நாற்பது வயசு தாண்டின ஆம்பிளை. மனுசிக்கு அவனில் எப்போதும் ஒரு இரக்கம். அரியதரமும் வந்தது.

ஆக முதலாமிடமும் சுட்டாயிற்று, இரண்டாமிடமும் அவித்தாயிற்று, கடைசியும் சுட்டாயிற்று. மூன்றாமிடம் தட்டோடு வந்து குசினியில் நிற்கிறது. அப்படியானால் அந்த வாக்கெடுப்பு எதற்கு? எதைக் குறைத்தது? இந்தக் கேள்வியை நான் குறூப்பில் கேட்டேன். ஒஸ்லோ மச்சான் எழுதினார்: "ஜனநாயகம் மச்சான்."

சரி, பை. கண்ணாடித் தட்டு ஒன்றை மருமகள் ரொறன்ரோவிலிருந்து உடுப்புக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். குறிகாட்டுவானிலிருந்து வருகிற ஒரு மணித்தியாலமும், சோளகத்தில் படகு ஏறி விழ, அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். வேலணைக்கு லெய்டன், நயினாதீவுக்கு ஹார்லெம், காரைநகருக்கு அம்ஸ்டர்டாம் என்று ஒல்லாந்தர் எங்கள் தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயரை வைத்துவிட்டுப் போனார்கள். கடைசிவரை ஒட்டிக்கொண்டது எங்களுக்கு வைத்த டெல்ப்ட் மட்டும்தான். நூற்றுமுப்பது வருசத்துக்கு மேல் இருந்தவர்கள், கோட்டை கட்டினார்கள், புறாக்கூடு கட்டினார்கள். பெயரோடு ஆளுக்கொரு ஓவனும் விட்டுப்போயிருந்தால் எனக்கு இந்தப் பாடு இல்லை.

பையின் ஓடு சரிவர வேண்டுமென்றால் பட்டர் குளிர்ந்து இறுகியிருக்க வேண்டுமாம். சின்னத் துண்டுகளாக மாவுக்குள் கிடந்து, சூட்டில் உருகி, அதில் உள்ள நீர் ஆவியாகித் தள்ளும்போதுதான் தட்டுத் தட்டாகப் பிரியுமாம். விஞ்ஞானம் சரி. ஆனால் நெடுந்தீவில் ஆவணி மாதத்தில் பட்டர் பிரிஜ்ஜிலிருந்து வெளியே வந்தால் அது பட்டராக இருப்பது நாலு வசனம் பேசும் நேரம். ஐஸ் கட்டி வேண்டும் என்றாள். எங்கள் பிரிஜ்ஜைப் பிள்ளைகள் குளிர்தண்ணிக்குத் திறந்து திறந்து மூடுவதால் அதில் ஐஸ் பிடிப்பதில்லை. தீவில் ஐஸ் தாராளமாகக் கிடைக்கிற இடம் ஒன்று இருக்கிறது: மீன் வாடி. நான் நல்ல மனசோடு அதைச் சொன்னேன். மனுசி அகப்பையோடு திரும்பினாள். சதுர்த்தி நாளில் மீன் ஐஸா?

அடுத்தது முட்டை. பூசணிப் பையை இறுக்குவது முட்டை. சதுர்த்தி வீட்டுக்குள் முட்டை எப்படி வரும்? இதில்தான் நான் பிள்ளைக்கு ஒரு உதவி செய்தேன், செய்திருக்கக்கூடாது. பனங்களிக்கு முட்டை எதற்கு? பாயில் ஊற்றிக் காயவிட்டாலே படை படையாக இறுகிப் பனாட்டாகிற சாமான் அது. "நல்லாக் காய்ச்சி விடு, தானாப் பிடிக்கும்" என்றேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். வெள்ளெனக் காலமை எழும்பி, குளிர் இருக்கும்போதே மாவை உருட்டி, தட்டில் பரப்பி, களியை விட்டு, மேலே பின்னலும் போட்டு, "மாமா, ஓவன்" என்று நின்றாள்.

பேக்கரிப் போறணைக்குக் கொண்டுபோனோம். எங்கள் சின்ன வயசில் கலியாணக் கேக்கும் அப்படித்தான் வேகும்: பாண் இறக்கின பிறகு போறணையில் தணிந்து நிற்கிற சூட்டில். பேக்கரிக்காரர் தட்டை வாங்கி எல்லாப் பக்கமும் பார்த்தார். "என்ன அண்ணை இது, மூடாத கொழுக்கட்டையோ?" மருமகள் நூற்றுத்தொண்ணூறு பாகை வேண்டும் என்றாள். அவர் போறணை வாசலுக்குள் கையை நீட்டினார், எடுத்தார். "காணும் பிள்ளை."

காணத்தான் செய்தது. பொன்னிறமாக வந்தது. எனக்கு அதில் ஒரு சந்தோசமும் இல்லை. சாப்பாடு முடிந்து வெட்டினார்கள். பக்கத்து வளவுப் பெரியம்மாவுக்கு முதல் துண்டு. எண்பது தாண்டின மனிசி, பல் குறைவு, தீர்ப்பு கூட. மென்று, யோசித்து, சொன்னா: "களி திறம், மோனை. அந்த ஓட்டை மாட்டுக்குப் போடு." பிள்ளைக்கு முகம் சுருங்கவில்லை, சிரித்தாள், அதைக் குரல்பதிவாகவும் எடுத்துக்கொண்டாள். பையின் படம் குறூப்பில் ஏறியது. இதயம், நெருப்பு, கைதட்டல், "வாவ்", "எங்கட பனங்காயை உலகத்தரத்துக்குக் கொண்டுபோட்டாய்". முதலாமிடம் வென்ற வேட்பாளர், என் முழங்கையும் நகமும் சாராப்பிட்டித் தண்ணீரும் குடித்து வளர்ந்த பணியாரம், பக்கத்துச் சுளகில் கிடந்தது. அதன் படத்துக்கு மூன்று கட்டைவிரல். அதில் ஒன்று என்னுடையது.

அதன் பிறகுதான் எனக்கு விளங்கியது பனங்காய் ஏன் வென்றது என்று. மோதகம் மறுநாள் புளிக்கும். பை விமானத்தில் உடையும். பனங்காய்ப் பணியாரம் சுட்ட அன்றைக்கு விட அடுத்த நாள் ருசி. நாலைந்து நாள் பழுதாகாது. அமத்திக் கட்டலாம், நசியாது. வாக்குப் போட்டவர்களில் பாதிப்பேர் ஊருக்கு வரவேயில்லை. அவர்கள் வாக்குப் போட்டது சதுர்த்திச் சாப்பாட்டுக்கு அல்ல. ஆளுக்கு இருபத்துமூன்று கிலோ என்ற பயணப்பெட்டிக்கு. சின்னக்கா தராசு கொண்டுவந்திருந்தாள், கொக்கி போட்டுத் தூக்குகிற சின்னத் தராசு. லண்டனுக்கு ஒன்றரைக் கிலோ, பாரிசுக்கு ஒரு கிலோ, ஒஸ்லோவுக்கு ஒரு பார்சல், கனடாவில் பக்கத்து வீட்டுத் தமிழருக்கு அரைக் கிலோ. சுளகு வெறுமையானது. "தம்பி, இன்னும் ஒருக்காச் சுடலாமோ? வெள்ளிக்கிழமைதானே போறம்."

நேற்று பெரியக்கா குறூப்பில் எழுதியிருந்தா: பார்சல் வந்தது, நல்ல ருசி, ஒரு சொட்டும் கைக்கவில்லை, கிணற்றடிப் பனை என்று நான் சொன்னேன்தானே. அதற்குக் கீழே எல்லாரும்: அம்மா கைப்பு எடுக்கிற உபாயம் உங்களுக்குத் தெரியுமாமே, எழுதிப் போடுங்கோ, ஒரு இடத்தில் பதிந்து வைப்பம், வருங்காலச் சந்ததிக்கு உதவும். மருமகள் அதற்கென்றே தனியாக ஒரு குறூப் தொடங்கி என்னை அதில் சேர்த்தும் விட்டாள்.

நான் எழுதவில்லை. வருகிற ஆவணிக்கு யாராவது விடியப்புறம் எழும்பி, கடகம் தூக்கி, மாட்டுக்கு முந்திப் போய், பழம் பொறுக்கி, என் பக்கத்தில் குந்தியிருந்து முழங்கை மட்டும் பினைந்தால், பினைந்துகொண்டிருக்கும்போது சொல்வேன். வாசகர்களுக்கும் அதே நிபந்தனைதான். காலமைப் படகுக்கு வந்தால் மத்தியானத்துக்கு முன் களி எடுத்துவிடலாம்.